ரியல் ஜீனியஸ்: கணக்குப் போட்டுப் பார்த்தாலும் சிரிப்பு குறையாத படம்

கல்லூரி நகைச்சுவைப் படங்களில் படிப்பாளிப் பையன்களுக்கு எழுதி வைத்த வேலை ஒன்று உண்டு. முதல் பாதி முழுக்க அடி வாங்க வேண்டும், கடைசிக் காட்சியில் எப்படியோ ஜெயித்துக் கைதட்டல் வாங்க வேண்டும். அவர்கள் என்ன படிக்கிறார்கள் என்று எவருக்கும் அக்கறை இருக்காது. தடித்த கண்ணாடியும் சட்டைப்பையில் நான்கு பேனாவும் இருந்தால் பாத்திரம் தயார். 1985 ஆகஸ்டில் வெளியான 'ரியல் ஜீனியஸ்' இங்கேதான் விலகி நிற்கிறது. இதில் பையன்கள் செய்யும் குறும்பு ஒவ்வொன்றும் அவர்கள் படிக்கும் படிப்பிலிருந்து முளைக்கிறது. லேசர், திரவ நைட்ரஜன், நிகழ்தகவு, ரேடியோ ரிசீவர் என்று எதை எடுத்தாலும் அது சிரிப்பாகவும் வருகிறது, கதையையும் நகர்த்துகிறது.

இயக்கியவர் மார்த்தா கூலிட்ஜ். பின்னாளில் அமெரிக்க இயக்குநர்கள் சங்கத்துக்குத் தலைவரான முதல் பெண் அவர்தான். வால் கில்மருக்கு அப்போது வயது 25, நட்சத்திரமாகவில்லை. படம் அமெரிக்கத் திரையரங்குகளில் சுமார் 1.3 கோடி டாலர் வசூலித்து அடங்கிப் போனது. தரம் குறைந்ததால் தோற்ற படமல்ல இது. அதே மாதம் அறிவியல் பித்துப் பிடித்த மாணவர்களைப் பற்றி இன்னும் இரண்டு படங்கள் வந்தன. மூன்றும் ஒரே கூட்டத்தை நம்பி இறங்க, மூன்றில் கவனமாகச் செய்யப்பட்ட இதைப் பலர் பார்க்கவே இல்லை.

கதை முழுவதும் சொன்னால்தான் இதன் வேலைப்பாட்டைப் பேச முடியும். முடிவு தெரியக்கூடாது என்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

மிட்ச் டெய்லருக்குப் பதினைந்து வயது. பள்ளி அறிவியல் கண்காட்சியில் அவன் வைத்த லேசரைப் பார்த்த பேராசிரியர் ஹாதவே, அவனை நேரே பசிபிக் டெக் என்ற கல்லூரிக்கு அழைத்துக்கொள்கிறார். அறைத்தோழன் கிறிஸ் நைட் (வால் கில்மர்), கடைசி ஆண்டு மாணவன், இயற்பியல் உலகில் பெயர் பெற்றவன். மிட்ச் மனதில் அவன் ஒரு நாயகன். நேரில் பார்த்தால் தலையில் ஆடும் கொம்புகளும் காலில் முயல் செருப்புமாக விளையாடித் திரிகிறான். இருவரும் சேர்ந்து 5 மெகாவாட் லேசர் ஒன்றைச் செய்துமுடிக்க வேண்டும். அது விண்ணிலிருந்து ஒரு தனி மனிதனை எரித்துக் கொல்வதற்கான ஆயுதம் என்பது பார்க்கும் நமக்கு முதல் காட்சியிலேயே தெரியும். உழைக்கும் பையன்களுக்குத் தெரியாது. ஹாதவே அரசுப் பணத்தை வாங்கித் தன் வீட்டைப் புதுப்பித்துக்கொள்கிறார்.

அந்தக் கல்லூரியில் எல்லோருமே முதல் மதிப்பெண்காரர்கள். கேலி செய்து துரத்த விளையாட்டு வீரர் கும்பல் என்று ஒன்று கிடையாது. அப்படியென்றால் இவர்கள் எப்படி எளியவர்கள்? ஆராய்ச்சியை வழிநடத்தும் பேராசிரியரின் கையெழுத்து இல்லாமல் பட்டம் இல்லை என்ற நிலையில் இருப்பதால்தான். ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்த எவருக்கும் ஹாதவே புதியவர் அல்ல. பாராட்டும்போது தோளில் கை போடுவார். அவசரம் வந்தால் இரவெல்லாம் லேபில் நிற்கச் சொல்வார். எதிர்த்தால் தேர்வில் தேற விடமாட்டேன் என்பார். வில்லியம் அதர்ட்டன் இந்த மனிதரைக் குரல் உயர்த்தாமலேயே வெறுக்கத்தக்கவராக்குகிறார். அவருக்குக் கோள் சொல்லி முன்னேறப் பார்க்கும் கென்ட் என்ற மாணவனும் எல்லா லேபிலும் இருப்பவன்தான்.

இனி லேசர். மற்ற நகைச்சுவைப் படங்கள் இந்த இடத்தில் இரண்டு அறிவியல் சொற்களை உளறிவிட்டுத் தாண்டிவிடும். இங்கே லேசர் வல்லுநர் மார்ட்டின் குண்டர்சன் ஆலோசகராக இருந்தார். ஒரு பேராசிரியராகத் திரையிலும் தலைகாட்டுகிறார். அதனால் வசனத்தை நிறுத்திச் சரிபார்க்க முடிகிறது. கிறிஸ் கண்டுபிடிக்கும் வழி இது: புரோமைடு மூலக்கூறுகளைக் கிளர்ந்த நிலையில் உறைந்த ஆர்கானுக்குள் சிறைப்பிடிப்பது. வேண்டும்போது மின்புலம் கொடுத்தால் தேங்கிய ஆற்றல் முழுவதும் ஒரே வீச்சில் ஒளியாக வெளியேறும். வெடிமருந்துக் குச்சியை லேசராக்குவதுபோல் என்று அவனே விளக்குகிறான்.

உறைந்த மந்த வாயுவுக்குள் மூலக்கூறுகளைச் சிறைவைப்பது உண்மையான ஆய்வு முறை. ஆர்கான் சுமார் மைனஸ் 189 டிகிரி செல்சியஸில் உறையும். திரவ நைட்ரஜன் கொதிப்பது மைனஸ் 196-இல். ஆக, எந்தக் கல்லூரி லேபிலும் கிடைக்கும் திரவ நைட்ரஜனை வைத்தே ஆர்கானை உறைய வைக்கலாம். இடைவெளி ஏழு டிகிரிதான், ஆனால் போதும். நியானைத் தேர்ந்தெடுத்திருந்தால் அது முடியாது. நியான் உறைய மைனஸ் 248 வரை இறங்க வேண்டும், ஹீலியம் குளிர்விப்பு தேவைப்படும். ஆர்கான் என்று எழுதியவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

கிறிஸ் சொல்லும் எண்கள்: ஒரு கன சென்டிமீட்டரில் குறைந்தது 10²¹ ஃபோட்டான், அலைநீளம் 600 நானோமீட்டர், கிடைப்பது ஒரு கிலோஜூல், அதாவது லிட்டருக்கு ஒரு மெகாஜூல். போட்டுப் பாருங்கள். 600 நானோமீட்டரில் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் சுமார் 3.3 × 10⁻¹⁹ ஜூல். அதை 10²¹-ஆல் பெருக்கினால் 330 ஜூல்தான் வருகிறது. ஒரு கிலோஜூலுக்கு மூன்று மடங்கு ஃபோட்டான் வேண்டும். "குறைந்தது" என்ற சொல் அவனைக் காப்பாற்றுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அலைநீளத்தில் மட்டும் காப்பாற்ற வழியில்லை. மந்த வாயுவும் ஹாலஜனும் சேர்ந்த எக்சைமர் லேசர்கள் பெரும்பாலும் புற ஊதாவில் ஒளிர்பவை. கிரிப்டான் ஃபுளோரைடுக்கு 248 நானோமீட்டர், செனான் குளோரைடுக்கு 308. 600 என்பது ஆரஞ்சு நிறம். கண்ணுக்குத் தெரியும் கற்றை இல்லாவிட்டால் சினிமாவில் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது, அதனால் இந்தச் சலுகையை மன்னிக்கலாம். ஒரு நகைச்சுவைப் படத்தின் பிழை மூன்று மடங்குக்குள் நிற்கிறது என்பதே அந்தப் படத்துக்குப் பெரிய மரியாதை.

காற்றில் பறக்கும் கற்றை பக்கவாட்டில் பளிச்சென்று தெரிவதும் அப்படித்தான். தூசியோ புகையோ இருந்து ஒளியைச் சிதறடித்தால்தான் பக்கத்தில் நிற்பவருக்குக் கோடு தெரியும். சுத்தமான அறையில் கற்றை சுவரில் படும் புள்ளி மட்டுமே தெரியும். கண்ணாடிகளை வைத்துக் கற்றையை நடைபாதை வழியே திருப்பி, விருந்து நடக்கும் இடத்துக்கு வழிகாட்டும் காட்சியில் இதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் வேறொன்றும் உறைக்கும். அத்தனை பேர் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் கற்றையின் உயரத்திலேயே நடக்கிறார்கள். எந்த லேபிலும் அனுமதிக்க முடியாத காரியம்.

கென்ட் செய்யும் நாசவேலையை விளக்கத் திரைக்கதை ஒரு நொடியும் ஒதுக்கவில்லை. ஆனால் படத்திலேயே மிகத் துல்லியமான இயற்பியல் அதுதான். லேசரின் ஒளியியல் பாகத்தில் அழுக்கைப் பூசிவிட்டுப் போகிறான். சுத்தமான லென்ஸ் தன் வழியே போகும் ஒளியில் மிகச் சிறு பங்கைத்தான் உறிஞ்சும். ஒரு விரல் ரேகை பட்டால் அந்த இடம் மட்டும் கூடுதலாக உறிஞ்சிச் சூடாகும். நடுவில் சூடு, விளிம்பில் குளிர் என்றானதும் கண்ணாடிக்குள் இழுவிசை ஏறும், விரிசல் விடும். அதிக சக்தியில் அது வெடிப்பாகவே முடியும். அதனால்தான் லேபில் கையுறை இல்லாமல் லென்ஸைத் தொட விடமாட்டார்கள். முதலில் உலர்காற்றால் தூசியை ஊதுவார்கள்; பிறகு லென்ஸ் தாளில் மெத்தனாலோ அசிட்டோனோ நனைத்து, ஒரே திசையில் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு, அந்தத் தாளை எறிந்துவிடுவார்கள். தூசியை ஊதாமல் தேய்த்தால் அந்தத் தூசியே மேற்பூச்சைக் கீறும். கென்ட் குண்டு வைக்கவில்லை, கம்பியை அறுக்கவில்லை. லேபில் வேலை தெரிந்தவன் இப்படித்தான் கெடுப்பான்.

லாஸ்லோ ஹாலிஃபெல்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மிட்சின் அறைத் துணி அலமாரிக்குள் தாடிக்காரர் ஒருவர் நுழைகிறார், காணாமல் போகிறார். கட்டடத்துக்கு அடியில் நீராவிக் குழாய்கள் ஓடும் சுரங்கத்தில் குடியிருப்பவர் அவர். எழுபதுகளில் அந்தக் கல்லூரியின் தலைசிறந்த மூளை. தன் கண்டுபிடிப்பு மனிதர்களைக் கொல்லப் பயன்பட்டது என்று தெரிந்ததும் உடைந்துபோனவர். ஜான் கிரைஸ் இவரைப் பைத்தியக்காரராக நடிக்காமல், கூச்சப்படுகிற மனிதராக நடித்திருக்கிறார். கிறிஸின் விளையாட்டுத்தனத்துக்குக் காரணமும் இவர்தான். லாஸ்லோவுக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகுதான், மூளையை மட்டும் வைத்துக்கொண்டு வாழக்கூடாது என்று கிறிஸ் முடிவெடுத்திருக்கிறான். இதை அவன் மிட்சிடம் சொல்லும் காட்சியில் கில்மர் முதல்முறையாகச் சிரிப்பைக் கீழே வைக்கிறார். அதுவரை பார்த்த கோமாளித்தனத்துக்கெல்லாம் அங்கே வேறு அர்த்தம் கிடைத்துவிடுகிறது.

சுரங்கத்தில் லாஸ்லோ செய்யும் வேலை ஒரு நொறுக்குத்தீனி நிறுவனத்தின் பரிசுப்போட்டிக்குக் கூப்பன் நிரப்புவது. எத்தனை முறை வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம் என்பது விதி. அவர் தயாரிப்பது 16,50,000 கூப்பன்கள். பரிசுகளில் 32.6 சதவீதம் தனக்கு வரும் என்கிறார். இதைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் மொத்தக் கூப்பன்கள் சுமார் 50 லட்சம் என்றும், ஊரார் எல்லோரும் சேர்ந்து சுமார் 34 லட்சம் அனுப்புவார்கள் என்றும் அவர் மதிப்பிட்டிருக்கிறார் என்று தெரிகிறது. கையால் நிரப்பினால் கூப்பனுக்குப் பத்து நொடி என்றாலும் தூங்காமல் 191 நாள் ஆகும். எந்திரம் இல்லாமல் நடக்காது. இது கற்பனையுமல்ல. 1975-இல் கலிஃபோர்னியாவின் கால்டெக் மாணவர்கள் ஒரு உணவகத் தொடரின் போட்டிக்குக் கணினியில் சுமார் 12 லட்சம் கூப்பன்களை அச்சடித்துப் போட்டார்கள், பரிசுகளில் ஐந்தில் ஒரு பங்கை அள்ளினார்கள். பசிபிக் டெக் என்பதே கால்டெக்கின் சாயல்தான். கென்ட்டின் காரைப் பிரித்து அவன் அறைக்குள் திரும்பப் பூட்டி நிறுத்துவதும் அந்தக் கல்லூரியின் பழங்குறும்பு வகையைச் சேர்ந்தது. கூலிட்ஜ் அந்த மாணவர்களிடம் பேசி இவற்றைச் சேகரித்தார். குறும்புகளில் இருக்கும் உழைப்பின் மணம் அங்கிருந்து வந்தது.

நல்ல நகைச்சுவைக்குப் படத்திலிருந்து ஒரே ஒரு மாதிரி காட்ட வேண்டுமென்றால், வகுப்பறைக் காட்சித்தொடரைச் சொல்லலாம். வசனமே இல்லை. முதல் வகுப்பில் மாணவர்கள் நிறைந்திருக்கிறார்கள். அடுத்ததில் சில மேசைகளில் ஆளுக்குப் பதில் டேப் ரிக்கார்டர். போகப்போக ரிக்கார்டர்கள் பெருகுகின்றன. கடைசியில் மிட்ச் மட்டும் உட்கார்ந்திருக்கிறான். ஆசிரியர் நிற்க வேண்டிய இடத்திலும் ஒரு பெரிய டேப் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் கூட்டம் எவ்வளவு குறைகிறது என்பதில்தான் இதன் வெற்றி. சட்டென்று காலியாகியிருந்தால் ஒரு சிரிப்போடு முடிந்திருக்கும். அதே பகுதியில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒருவன் திடீரென்று அலறிக்கொண்டு வெளியே ஓடுகிறான். அடுத்த கணமே இன்னொருவன் வந்து அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்து படிக்கத் தொடங்குகிறான், ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. சிரித்த பிறகு கொஞ்சம் வலிக்கும்.

உச்சக்கட்டத்துக்கு வருவோம். லேசர் வெற்றி பெறுகிறது, கற்றை சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது. பையன்கள் கொண்டாடும்போது லாஸ்லோ வந்து கேட்கும் கேள்வி அவர்களைத் திகைக்க வைக்கிறது: இவ்வளவு சக்தி எதற்கு? பிறகு அவர்கள் விமானப்படைத் தளத்துக்குள் நுழைந்து, குறிபார்க்கும் கருவியின் நிரலை மாற்றி, பி-1 விமானத்திலிருந்து வரும் கற்றையை ஹாதவேயின் வீட்டுக்குத் திருப்புகிறார்கள். வீட்டுக்குள் அலுமினியத் தாளில் பொதிந்த மலையளவு பாப்கார்ன். ஹாதவேக்குப் பாப்கார்ன் பிடிக்காது என்று முன்பே ஒரு காட்சியில் விதைத்து வைத்திருக்கிறார்கள். வீடு பொரியால் நிறைந்து, கதவு ஜன்னல் பிதுங்கி, உடைந்து கொட்டுகிறது.

நடக்குமா? பாப்கார்ன் மணிக்குள் சுமார் 14 சதவீதம் ஈரம் இருக்க வேண்டும். சுமார் 180 டிகிரியில் அந்த நீரின் அழுத்தம் தோலைக் கிழிக்கும். காய்ந்த மணியில் அழுத்தம் ஏறாது, பொரியாது. ஒரு கிலோ மணியை அந்தச் சூட்டுக்குக் கொண்டுவர ஏறத்தாழ 3 லட்சம் ஜூல் வேண்டும், அது 40 லிட்டர் பொரியாக விரியும் என்று வைத்துக்கொள்வோம். 400 கன மீட்டர் வீட்டை நிரப்ப 10 டன் மணி தேவை. 5 மெகாவாட் லேசர், ஒரு துளி வீணாகாமல், பத்து நிமிடம் எரிய வேண்டும். கிறிஸ் சொன்ன லிட்டருக்கு ஒரு மெகாஜூல் கணக்கில் சுமார் 3,000 லிட்டர் உறைபொருள் விமானத்தில் இருக்க வேண்டும். அப்போதும் சிக்கல் தீராது. அலுமினியம் ஒளியில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். மீறி உள்ளே போனால் கற்றை படும் மணிகள் வெளித்தோலிலேயே கருகும், அடியில் இருப்பவை பச்சையாகக் கிடக்கும். பாப்கார்ன் சமமாகச் சூடாக வேண்டும். சட்டியைக் குலுக்குவது அதற்குத்தான். பொரிக்கு வீட்டை உடைக்கும் பலமும் இல்லை, நசுங்கித்தான் போகும். 'மித்பஸ்டர்ஸ்' நிகழ்ச்சிக்காரர்கள் சோதித்துப் பார்த்து, லேசரால் மணி பொரியும், ஆனால் பொரியால் வீடு உடையாது என்றார்கள். ஆனாலும் திரையில் அந்தக் காட்சி வேலை செய்கிறது. கொட்டுவது நிஜப் பொரி, உடைவது நிஜக் கட்டுமானம். கணினி வரைகலை துளியும் இல்லை.

கதை அந்தக் காலத்தின் பயத்திலிருந்தும் எழுந்தது. 1983 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ரீகன், எதிரி ஏவுகணைகளைத் தடுக்கும் விண்வெளிப் பாதுகாப்புத் திட்டத்தை அறிவித்திருந்தார். விமானத்தில் லேசர் ஏற்றும் யோசனையும் படத்தோடு முடிந்துவிடவில்லை. போயிங் 747 ஒன்றில் மெகாவாட் அளவிலான வேதி லேசரைப் பொருத்தி, 2010 பிப்ரவரியில் ஒரு சோதனை ஏவுகணையை அமெரிக்கா வீழ்த்தியது. அடுத்த ஆண்டே திட்டத்தைக் கைவிட்டது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். மேதைகளைத் தேடித் தேடிப் படுக்கைக்கு அழைக்கும் ஷெர்ரி என்ற பெண் பதினைந்து வயது மிட்சை அணுகும் காட்சி இன்று பார்க்கக் கூசுகிறது. அன்றும் கூசியிருக்க வேண்டும். விரிவுரை மண்டபத்தை நீச்சல் குளமாக்கும் விருந்துக்கு அழகுக்கலை மாணவிகளை அழகுப் பொருள்போல வரவழைத்திருப்பதும் மலிவான வேலை. விமானப்படைத் தளத்துக்குள் நுழைவது மிக எளிதாக நடந்துவிடுகிறது. லென்ஸ் அழுக்கில் அத்தனை கவனம் காட்டிய படம் இங்கே அவசரப்படுகிறது. முதல் இருபது நிமிடம் மெதுவானது, லாஸ்லோ வரும்வரை படம் எங்கே போகிறது என்று புரியாது. அங்கேயே நிறுத்திவிட்டவர்கள் நிறையப் பேர்.

ஜோர்டன் பாத்திரத்துக்கு இன்னும் இடம் கொடுத்திருக்கலாம். தூக்கமே வராத, மூச்சுவிடாமல் பேசும், ஒரே இரவில் மிட்சுக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுக்கும் பெண். மிஷெல் மெய்ரிங்க் பேசும் வேகத்தில் ஒரு வாக்கியத்துக்குள்ளேயே மூன்று எண்ணங்கள் ஓடும். மிட்சும் அவளும் நெருங்கும் காட்சிகளில் இருவருக்கும் பேசத் தெரியாது என்பதைப் படம் கேலியாக்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்த விதத்திலேயே பழக விடுகிறது. மிட்சாக நடித்த கேப் ஜாரட் நிஜத்திலும் அந்த வயதுப் பையன்தான் என்பதால், மிட்ச் வீட்டுக்குத் தொலைபேசியில் அழும் காட்சியில் நடிப்பு தெரியவில்லை. அந்த அழைப்பைக் கென்ட் பதிவு செய்து உணவுக்கூடத்தில் எல்லோர் முன்னும் ஒலிக்க விடுகிறான். அதற்குப் பிறகு கென்ட்டின் பல்கம்பியில் ரிசீவர் பொருத்திக் கடவுள் குரலில் பேசி அவனை ஆட்டிவைக்கும்போது, பழிவாங்கல் கொஞ்சமும் அதிகமாகத் தோன்றாது.

பார்ப்பவர்களுக்கு: ஓடும் நேரம் 106 நிமிடம். அமெரிக்கச் சான்றிதழ் பி.ஜி., ஆனால் பாலியல் பேச்சு இருப்பதால் பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு பார்ப்பது நல்லது. வசன வரிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். கில்மர் தன் சிறந்த வரிகளை எல்லாம் முணுமுணுப்பாகவோ, திரும்பி நடக்கும்போதோ சொல்லிவிட்டுப் போகிறார், காதால் மட்டும் பிடிக்க முடியாது. காப்பி எந்திரத்துக்கு உறைந்த உருளையிலிருந்து காசு வடிவில் வில்லை சீவிப் போடும் இடத்தைத் தவறவிடாதீர்கள். அந்த வில்லை உள்ளே போன சிறிது நேரத்தில் ஆவியாகிவிடும், தடயமே மிஞ்சாது. இரண்டாம் முறை பார்க்கும்போது பின்னணியைக் கவனியுங்கள். முன்னால் இருவர் பேசிக்கொண்டிருக்க, பின்னால் யாரோ ஒருவர் சத்தமில்லாமல் எதையாவது செய்துகொண்டிருப்பார். எழுத்துகள் ஓடத் தொடங்கியதும் அணைத்துவிட வேண்டாம். 'டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ்' குழுவின் பாடல் ஒலிக்க, பேச்சு எதுவும் இல்லாமல், குழந்தைகள் வந்து அந்தப் பாப்கார்ன் மலையில் விழுந்து புரளும் காட்சி அங்கேதான் இருக்கிறது.